அச்சமும் மருட்கையும்: கம்பம் பள்ளத்தாக்கை முன்வைத்துத் தமிழ்க் கோதிக் புனைவின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

கோதிக் புனைவு, மிகைகற்பனைப் புனைவு ஆகிய இரண்டும் ஐரோப்பிய இலக்கிய வகைகளாகவே தமிழ்த் திறனாய்வில் பெரிதும் பேசப்படுகின்றன. பேய்க்கதை, மர்மக்கதை, மாயக்கதை எனத் தமிழில் வழங்கும் நூல்கள் பொழுதுபோக்கு எழுத்து என்ற அளவில் ஒதுக்கப்பட்டு வந்துள்ளன. இக்கட்டுரை தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூறும் அச்சம், மருட்கை என்னும் இரு மெய்ப்பாடுகளை அடிப்படையாகக் கொண்டு இவ்வகை நூல்களை வாசிக்க முயல்கிறது. தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கையும் அதனை அடுத்த நிலப்பகுதியையும் களமாகக் கொண்ட நூல்கள் சான்றுகளாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன. தமிழ் அச்சப் புனைவின் மையம் பேய் அன்று, தீர்க்கப்படாத அநீதியே என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: அச்சம், மருட்கை, அணங்கு, கோதிக் புனைவு, மிகைகற்பனை, மங்கலதேவி கோட்டம், கம்பம் பள்ளத்தாக்கு, ஜமீன், வைகை அணை.

முன்னுரை

மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் வருசநாட்டு மலைக்கும் இடையே அமைந்தது கம்பம் பள்ளத்தாக்கு. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் ஆகிய ஊர்களின் வழியே முல்லையாறு பாய்கிறது. வருசநாட்டு மலையில் வைகை பிறக்கிறது. 1996-ஆம் ஆண்டு மதுரை மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டுத் தேனி தனி மாவட்டமாயிற்று. இந்நிலத்தை இலக்கிய வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் யதார்த்தவாத எழுத்தின் களமாகவே அணுகியுள்ளனர். உழவு, வறட்சி, கூலி, சாதி, குடிபெயர்வு ஆகியன குறித்த படைப்புகள் கவனம் பெற்றுள்ளன. எனினும் இதே நிலத்தில் மலையுச்சியில் ஓர் இடிந்த கோட்டமும், வீழ்ந்துபட்ட ஜமீனும், நீரில் மூழ்கிய ஊர்களும் உள்ளன. கோதிக் புனைவின் இலக்கணம் கேட்கும் களங்கள் யாவும் ஒருங்கே அமைந்த இந்நிலம் அந்நோக்கில் வாசிக்கப்படாமைக்குக் காரணம் என்ன என்னும் வினாவே இக்கட்டுரையின் தோற்றுவாய்.

மிகைகற்பனையிலும் அச்சப் புனைவிலும் இன்று எழுத முனையும் இளம் படைப்பாளர்களுக்கு முன்மாதிரிகளாகக் காட்டப்படுபவை பெரிதும் ஆங்கில நூல்களே. தமிழில் அவர்கள் படிக்கத்தக்கவை எவை, அவற்றை எவ்வரிசையில் எந்நோக்கில் படிப்பது என்னும் கேள்விகளுக்கும் இக்கட்டுரை விடை தேடுகிறது.

கோதிக் என்னும் வகைமையும் மெய்ப்பாட்டுக் கோட்பாடும்

ஹொரேஸ் வால்போல் எழுதிய ‘ஒட்ராண்டோ கோட்டை’ 1764-இல் வெளிவந்தது. அதன் இரண்டாம் பதிப்பு ‘கோதிக் கதை’ என்னும் துணைத்தலைப்பைப் பெற்றது. பழங்கோட்டை, முன்னோர் செய்த குற்றம், உரிமையற்றவன் கைப்பற்றிய ஆட்சி, அதனைத் தண்டிக்கும் அமானுட ஆற்றல் என்பன அந்நூலின் கூறுகள். ஆன் ராட்கிளிஃப், மேரி ஷெல்லி, பிராம் ஸ்டோக்கர் ஆகியோர் வழியாக 1897-இல் வெளிவந்த ‘டிராகுலா’ வரை அம்மரபு வளர்ந்தது. பகுத்தறிவு ஓங்கிய காலத்தில், மக்கள் கைவிட்டுவிட்டதாக எண்ணிய நம்பிக்கைகள் கதைக்குள் திரும்பி வந்தன என்பது அதன் தோற்றத்திற்குக் கூறப்படும் பொதுவான விளக்கம். ஸ்வெட்டான் தோதரோவ் 1970-இல் வெளியிட்ட நூலில், நிகழ்ந்தது இயற்கையா அமானுடமா என வாசகர் ஐயுறும் தருணத்திலேயே இவ்விலக்கியம் உயிர்வாழ்கிறது என்றார்.

இவ்விளக்கங்களை அப்படியே தமிழுக்குப் பொருத்துவதில் இடர்ப்பாடு உண்டு. தமிழ்ச் சூழலில் அணங்கும் பேயும் கைவிடப்பட்ட நம்பிக்கைகள் அல்ல. அவை வழிபாட்டிலும் சடங்கிலும் இன்றளவும் வாழ்கின்றன. எனவே ‘அமானுடம் உண்டா, இல்லையா’ என்னும் வினா தமிழ்க் கதைக்கு முதன்மையானதன்று.

தொல்காப்பியம் இவ்விடத்தில் துணை செய்கிறது. மெய்ப்பாட்டியல் வகுக்கும் எட்டு மெய்ப்பாடுகளில் மருட்கையும் அச்சமும் அடுத்தடுத்து வைக்கப்பட்டுள்ளன. புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் ஆகிய நான்கும் மருட்கையின் நிலைக்களன்கள். அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை ஆகிய நான்கும் அச்சத்தின் நிலைக்களன்கள். மிகைகற்பனை மருட்கையின்பாற்படும், கோதிக் அச்சத்தின்பாற்படும் என இவ்விரண்டையும் முதற்கண் வேறுபடுத்தலாம்.

இப்பகுப்பில் நோக்கத்தக்க செய்தி மற்றொன்று உண்டு. அச்சத்தின் நான்கு களன்களில் அமானுடம் ஒன்றே ஒன்றுதான். எஞ்சிய மூன்றும் இவ்வுலகத்தைச் சார்ந்தவை. அவற்றுள்ளும் தம்மை ஆளும் இறையையே அஞ்சத்தக்கதாகத் தொல்காப்பியர் வைத்திருப்பது ஆழ்ந்து எண்ணற்குரியது. இறை என்னும் சொல் அரசனையும் அவனைப் போல் ஒருவர்மீது அதிகாரம் உடையோரையும் குறிக்கும். பேயையும் அரசனையும் ஒரே வரிசையில் நிறுத்தும் இக்கோட்பாடு கம்பம் பள்ளத்தாக்கின் கதைகளை வாசிப்பதற்குத் தகுந்த திறவுகோலாக அமைகிறது.

அணங்கு: மங்கலதேவி கோட்டம்

சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்ட இறுதியும் வஞ்சிக் காண்டத் தொடக்கமும் தமிழ் அச்சப் புனைவின் அடித்தளம் எனலாம். வழக்குரை காதையில் கண்ணகி அரண்மனை வாயிலுக்கு வருமுன்னரே கோப்பெருந்தேவி தீக்கனாக் காண்கிறாள். குடிமக்கள் இறைக்கு அஞ்சுவது இயல்பு என்னும் நிலை அங்கே தலைகீழாகிறது. ஆண்டவன் அஞ்சி வீழ, அஞ்சவேண்டியவள் அணங்காகிறாள். கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வமும் கண்ணகியின் முன்னே வந்து நிற்க இயலாமல் அவள் பின்னே வந்து பேசுகிறது. காவல் தெய்வமே எதிர்நிற்க அஞ்சும் ஒரு மானுடப் பெண்ணைப் படைத்திருப்பது அச்சச் சுவையின் உச்சம்.

அத்தெய்வம் கூறும் பழம்பிறப்புக் கதையின் அமைப்பும் குறிப்பிடத்தக்கது. முற்பிறப்பில் பரதன் என்னும் பெயரினனாகிய கோவலன், சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் எனப் பொய்யாகக் காட்டிக் கொல்வித்தான். சங்கமனின் மனைவி நீலி பதினான்கு நாள் அரற்றித் திரிந்து, மலையேறி உயிர்துறக்கும்போது சபித்தாள். கண்ணகியும் பதினான்காம் நாளில் மலையுச்சியில் கணவனைக் காண்கிறாள். ஒரு பொய்க் குற்றச்சாட்டும் கொலையும், ஒரு பெண்ணின் பதினான்கு நாள் அலைச்சலும் மலையும் இரு பிறப்புகளிலும் மீள நிகழ்கின்றன. முன்னோர் குற்றம் பின்வந்தோரைத் தொடர்தல் என்னும் கோதிக் கருப்பொருள் இங்கே ஊழ்வினைக் கோட்பாட்டின் வழியே முழுமையாக உருப்பெற்றுள்ளது.

மதுரையின் மேற்கு வாயில் வழியே வெளியேறிய கண்ணகி வையைக் கரையோடு நடந்து நெடுவேள் குன்றம் ஏறினாள் என்கிறது காப்பியம். கூடலூரை அடுத்த வண்ணாத்திப்பாறையில், தமிழக–கேரள எல்லையில் உள்ள மங்கலதேவி கோட்டமே அவ்விடம் எனப் புலவர் சி. கோவிந்தராசனார் 1963-இல் அடையாளம் காட்டினார். ஆய்வாளர் அனைவரும் இவ்வடையாளத்தை ஏற்றனர் எனக் கூற இயலாது. எனினும் பள்ளத்தாக்கு மக்களின் மனத்தில் அது உறுதிப்பட்டுவிட்டது. பெரியாறு புலிகள் காப்பகத்தினுள் இடிபாடுகளாக நிற்கும் அக்கோட்டத்திற்கு ஆண்டுதோறும் சித்திரை முழுநிலவு நாளன்று மட்டுமே பொதுமக்கள் அனுமதிக்கப்படுகின்றனர். ஆண்டில் ஒருநாள் திறந்து மற்ற நாள்களில் காட்டுக்குள் மூடிக்கிடக்கும் இவ்விடிபாடு, வால்போலின் கோட்டையைப் போலக் கற்பனையில் கட்டப்பட்டதன்று. உரிமை வழக்குக்கு உட்பட்டு நிற்கும் மெய்யான இடமாகும்.

கதை சொல்லும் உத்தியிலும் ஓர் ஒப்புமை உண்டு. வால்போல் தம் நூலின் முதற்பதிப்பில், அது பழைய இத்தாலிய நூலொன்றின் மொழிபெயர்ப்பு எனப் புனைந்துரைத்தார். கேட்போர் நம்பும்படி அமானுடத்தைச் சொல்வதற்கு ஒரு சான்றுரைச் சட்டகம் தேவைப்பட்டது. சிலப்பதிகாரத்தில் அச்சட்டகம் குன்றக் குறவரின் வாய்மொழி. வேங்கை மரத்தின் கீழ் ஒருமுலை இழந்து நின்ற பெண் விண்ணேறியதைக் கண்டவர்கள் மலைவாழ் மக்களே. அவர்கள் அரசனிடம் கூற, முன்கதையைச் சாத்தனார் கூற, இளங்கோவடிகள் பாடுகிறார். நாட்டின் அரசனுக்கும் புலவர்க்கும் கிட்டாத காட்சி மலைக்குறவர்க்குக் கிட்டியது என்பதும், காப்பியம் அவர்களது சாட்சியத்தின் மேல் எழுந்து நிற்பதும் நினைவிற்கொள்ளத்தக்கவை.

இதே காப்பியத்தின் காடுகாண் காதையில் மருட்கைக்குரிய பகுதியும் உள்ளது. மதுரைக்குச் செல்லும் வழிகளை விவரிக்கும் மறையோன், திருமால் குன்றத்துப் பிலத்தினுள் புண்ணிய சரவணம், பவகாரணி, இட்டசித்தி என்னும் மூன்று பொய்கைகள் இருப்பதையும் வரோத்தமை என்னும் தெய்வமகள் அதனைக் காத்து நிற்பதையும் கூறுகிறான். கவுந்தியடிகள் அப்பொய்கைகளால் தமக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை என மறுத்து நேர்வழியில் அழைத்துச் செல்கிறார். மாயவழியைக் காட்டி அதனை ஒதுக்குவதன் மூலம், வரவிருக்கும் துயரத்திலிருந்து அற்புதம் எதுவும் காப்பாற்றப்போவதில்லை என்பதைக் காப்பியம் முன்னறிவிக்கிறது.

மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை, கலிங்கத்துப் பரணியின் காடு பாடியதும் கோயில் பாடியதும் பேய்களைப் பாடியதும், காரைக்கால் அம்மையாரின் திருவாலங்காட்டுப் பதிகங்கள் ஆகியன இம்மரபின் ஏனைய தூண்கள். மணிமேகலையில் சுடுகாட்டின் வழியே சென்ற சார்ங்கலன் என்னும் சிறுவன், தலையைக் கையில் ஏந்தி ஆடும் பேயைக் கண்டு அஞ்சி இறக்கிறான். அவன் தாய் கோதமை மகனை மீட்டுத் தருமாறு சம்பாபதியிடம் முறையிடுகிறாள். எந்தத் தெய்வத்தாலும் அவ்வுயிரைத் திருப்பித்தர இயலவில்லை. அச்சத்தில் தொடங்கிய கதை நிலையாமை அறிவில் முடிகிறது. பேயைக் காட்டுவது மட்டும் அதன் நோக்கமன்று.

அச்சேறிய அற்புதம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சு பரவியபோது விக்கிரமாதித்தன் கதை, வேதாளக் கதை, மதனகாமராஜன் கதை முதலியன மலிவு விலைப் பதிப்புகளாகவும் பெரிய எழுத்து நூல்களாகவும் சந்தைகளிலும் திருவிழாக்களிலும் விற்கப்பட்டன. மதனகாமராஜன் கதையை நடேச சாஸ்திரியார் 1886-இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். உ.வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை 1892-இலும் மணிமேகலையை 1898-இலும் பதிப்பித்தார். ஆகவே ஒரே காலப்பகுதியில் காப்பிய அச்சமும் சந்தை நூல்களின் மருட்கையும் அச்சில் அருகருகே நின்றன. முன்னது பாடத்திட்டத்திற்குள் சென்றது. பின்னது மூட்டை கட்டி விற்கப்பட்டு அழிந்தது. இன்று அம்மலிவுப் பதிப்புகள் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற ஒருசில இடங்களிலேயே காணக்கிடைக்கின்றன.

அடுத்த தலைமுறையில் ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே.ஆர். ரங்கராஜு ஆகியோரின் நாவல்கள் பரவலாக வாசிக்கப்பட்டன. இங்கிலாந்தில் மலிவு நாவலாசிரியராகக் கருதப்பட்ட ரெனால்ட்ஸின் நூல்கள் பல தமிழில் தழுவப்பட்டன. தனித்தமிழ் இயக்கத்தின் தலைவராகிய மறைமலையடிகளே ரெனால்ட்ஸின் நாவலொன்றைத் தழுவிக் ‘குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி’ எழுதினார் என்பது, இவ்வகை எழுத்துக்கும் உயர் இலக்கியத்திற்கும் இடையே பிற்காலத்தார் எழுப்பிய சுவர் அன்று அத்துணை உயரமானதாக இருக்கவில்லை என்பதைக் காட்டும்.

புதுமைப்பித்தன் இவ்விரு ஓடைகளையும் இணைத்தவர். மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலை அவர் ‘பிரேத மனிதன்’ எனத் தமிழில் தந்தார். 1943-இல் வெளிவந்த ‘காஞ்சனை’ சிறுகதையில், வீட்டு வேலைக்கு வந்த பெண் பேயா அன்றா என்பதை எழுத்தாளனாகிய கதைசொல்லியால் முடிவு செய்ய இயலவில்லை. தோதரோவ் கூறிய ஐயம் அவர் நூலுக்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே தமிழ்ச் சிறுகதையில் நுட்பமாக ஆளப்பட்டுவிட்டது.

கள்வர்: இரண்டு பெயர்களின் வரலாறு

அச்சத்தின் மூன்றாம் களனாகிய கள்வரைக் குறித்து இப்பகுதி நூல்கள் தரும் சான்று தனித்து ஆராயத்தக்கது. கம்பம் பள்ளத்தாக்கிற்குக் கிழக்கே அமைந்த வத்தலக்குண்டில் பிறந்த பி.ஆர். ராஜமையர், 1893 முதல் 1895 வரை ‘விவேக சிந்தாமணி’ இதழில் ‘கமலாம்பாள் சரித்திரம்’ எழுதினார். அந்நாவலில் வரும் கள்வனின் பெயர் பேயாண்டித் தேவன். அக்கிரகாரத்து வாழ்வை நகைச்சுவையோடு சித்திரிக்கும் நாவலில் அச்சத்தைக் கொண்டுவருவதற்குக் கள்வன் ஒருவனும், அவன் பெயரிலேயே ஒரு பேயும் தேவைப்பட்டன.

நாவல் வெளிவந்த இருபதாண்டுகளுக்குள் அப்புனைவு சட்டமாயிற்று. குற்றப் பரம்பரையினர் சட்டம் 1914 முதல் மதுரை மாவட்டத்துப் பிறமலைக் கள்ளர் மக்கள்மீது படிப்படியாக நடைமுறைப்படுத்தப்பட்டது. ஒரு சமூகம் முழுவதும் பிறப்பினால் குற்றவாளிகள் எனப் பதிவு செய்யப்பட்டது. 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் அச்சட்டத்தை எதிர்த்தோர்மீது நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் பதினாறு பேர் உயிரிழந்தனர். 1947-இல்தான் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீக்கப்பட்டது. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்றும் இயங்கும் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் அக்காலத்தின் எச்சங்கள். ராஜமையரின் நாவல் அச்சட்டத்திற்குக் காரணம் என்பது இங்கே வாதமன்று. ஒரு சமூகத்தாரை அச்சத்தின் உருவாகக் காணும் பார்வை கதையிலும் ஆட்சியிலும் ஒருங்கே வழங்கியது என்பதே கூறவருவது.

ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின் வைரமுத்துவின் ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’ வெளிவந்தது. 2003-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்ற அந்நாவலின் தலைவர் பேயத்தேவர். பேயாண்டித் தேவன் கதையின் ஓரத்தில் நின்று அச்சம் தருபவன். பேயத்தேவரோ கதையின் நடுவில் நின்று உழுது, கடன்பட்டு, பேரனை வளர்த்து, இழப்புகளைத் தாங்குபவர். பெயரில் பேய் இரண்டிடத்தும் உண்டு. முன்னதில் பேய் அச்சுறுத்துகிறது. பின்னதில் அச்சத்திற்கு உள்ளாகிறது. சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’ இதே வரலாற்றைக் காவலுக்கும் களவுக்கும் இடையிலான உறவாகவும், அவ்வுறவைக் குலைத்த காலனிய அதிகாரத்தின் கதையாகவும் விரித்துரைக்கிறது. இம்மூன்று நூல்களையும் வரிசையாகப் படிப்போர்க்கு, அச்சம் ‘கள்வர்’ என்னும் களனிலிருந்து ‘இறை’ என்னும் களனுக்கு இடம்பெயர்ந்தமை தெளிவாகும்.

இறை: ஜமீன், அணை, மூழ்கிய ஊர்

ஐரோப்பியக் கோதிக் புனைவில் வீழ்ச்சியுறும் பிரபுக் குடும்பத்தின் மாளிகைக்கு உள்ள இடம், தென்தமிழகத்தில் ஜமீன் அரண்மனைக்கு உண்டு. வடவீர பொன்னையா எழுதிய ‘வருசநாட்டு ஜமீன் கதை’ கண்டமனூர் ஜமீனின் செழிப்பையும் சரிவையும் வாய்மொழிச் செய்திகளின் துணையோடு கூறுகிறது. ஆவண வரலாற்றுக்கும் ஊரார் கதைக்கும் இடையே நிற்கும் இத்தகைய நூலை எவ்வகையில் அடக்குவது என்பதில் நூலகர்க்கும் ஆய்வாளர்க்கும் தடுமாற்றம் நேர்வது இயல்பு. வரலாற்று நூலாகப் படித்தால் சான்று போதாமை தோன்றும். கோதிக் நூலாகப் படித்தால் அதன் இயல்பு விளங்கும். ஆண்டவர் குடும்பம் ஏன் அழிந்தது என்னும் வினாவுக்குப் பொருளியல் விடை ஒன்று இருக்கும். குடிமக்கள் அதற்கு நீதியின் விடையைத் தேடுகின்றனர். வழக்குமன்றம் தராத தீர்ப்பைக் கதை தருகிறது.

முல்லைப் பெரியாறு அணையைச் சூழ்ந்த கதைகள் இதற்கு மறுதலை. 1887-இல் தொடங்கி 1895-இல் திறக்கப்பட்ட அவ்வணை மேற்கே பாய்ந்த ஆற்று நீரைக் குகைவழியே கிழக்கே திருப்பிற்று. மலைக்காட்டில் பணிபுரிந்த தொழிலாளர் பலர் நோயால் இறந்தனர். திட்டத்தில் பணியாற்றிய பொறியாளர் மெக்கன்சி 1899-இல் எழுதிய பெரியாற்றுத் திட்ட வரலாறு காட்டிடையே நிகழ்ந்த அப்பணியின் இடர்களை விரிவாகப் பதிவு செய்கிறது. ஜான் பென்னிகுயிக் இன்று பள்ளத்தாக்கு வீடுகளில் தெய்வப் படங்களோடு வைத்து வணங்கப்படுகிறார். அவர் பிறந்த நாளாகிய சனவரி 15 பொங்கலோடு சேர்த்துக் கொண்டாடப்படுகிறது. லோயர் கேம்ப்பில் 2013-இல் அவருக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது. அவர் தம் சொத்தை விற்று அணையைக் கட்டி முடித்தார் என்னும் கதை ஊர்தோறும் வழங்குகிறது. அணை சென்னை மாகாண அரசின் பொதுப்பணித் திட்டமாகவே மேற்கொள்ளப்பட்டது. எனினும் இக்கதையைப் பொய் எனத் தள்ளிவிடுவதால் ஆய்வு நிறைவடைந்துவிடாது. புதுமையும் பெருமையும் ஆக்கமும் சேர்ந்த இடத்தில் மருட்கை பிறக்கும் என்னும் தொல்காப்பிய விதிக்கு இக்கதை நம் காலத்துச் சான்று. பெயர் அறியப்படாமல் மலையில் புதைந்த தொழிலாளர்க்கு அத்தகைய கதை எதுவும் உருவாகவில்லை என்பதையும் சேர்த்து எண்ணுதல் வேண்டும். எவர் தெய்வமாகிறார், எவர் மறக்கப்படுகிறார் என்னும் வினா இங்கே எழுகிறது.

முல்லைப் பெரியாறு மருட்கையைத் தந்தது; வைகை அணை அச்சத்தைத் தந்தது. ஆண்டிபட்டிக்கு அருகே 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணைக்காகப் பல சிற்றூர்கள் நீரில் மூழ்கின. ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’ அவ்வூர்களின் கதை. நாவலின் இறுதியில் நீர் ஊரைச் சூழும்போது பேயத்தேவர் தம் வீட்டை விட்டுவர மனமின்றி நீருக்குள் இறங்கி மாய்கிறார். அங்கே அமானுடம் எதுவும் இல்லை, பேயும் இல்லை. ஆயினும் வீடு, ஊர், சுடுகாடு, குலதெய்வம் யாவும் நீருக்கடியில் இருக்க மேலே அலை தவழும் காட்சி தமிழ்க் கோதிக் புனைவின் தனித்த படிமமாகும். ஐரோப்பியப் புனைவில் இடிபாடு கண்ணுக்குத் தெரிவது. கோடையில் நீர் வற்றினால் அன்றி இவ்விடிபாடு கண்ணுக்குத் தெரியாது. ஊரை மூழ்கடித்தவன் கொடுங்கோலன் அல்லன், பொதுநன்மை கருதிய சுதந்திர அரசு என்பது இவ்வச்சத்தை மேலும் சிக்கலாக்குகிறது. குற்றம் சுமத்த ஒரு முகம் இல்லாத இறை இது.

விலங்கு என்னும் களன் இப்பகுதிப் புனைவில் ஒப்பீட்டளவில் மெலிந்துள்ளது. 2021-இல் திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அமைக்கப்பட்டது. 2023 மே மாதம் அரிக்கொம்பன் என்னும் காட்டு யானை கம்பம் நகருக்குள் புகுந்தபோது ஊர் அடங்கி நின்றதும், அதே வேளையில் தன் காட்டிலிருந்து பெயர்க்கப்பட்ட அவ்விலங்கின்மீது பலர் இரக்கம் கொண்டதும் எழுதப்படாத புனைவின் கருக்கள்.

நவீனப் புனைவில் நீதியும் ஐயமும்

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வார இதழ்களும் மாத நாவல்களும் அச்சப் புனைவைப் பெருவழக்காக்கின. சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’ பேயை நம்பும் வசந்த், நம்பாத கணேஷ் என்னும் எளிய பிரிவில் நில்லாமல், அறிவியல் விளக்கம் தந்த பின்னும் ஐயத்தின் ஓர் இழையை விட்டுவைக்கிறது. இந்திரா சௌந்தர்ராஜனின் ‘விட்டுவிடு கருப்பா’, நாகாவின் இயக்கத்தில் ‘விடாது கருப்பு’ என்னும் தொலைக்காட்சித் தொடராக 1990-களின் இறுதியில் பரவலாகப் பார்க்கப்பட்டது. குற்றம் செய்தோரைத் தண்டிக்கும் கருப்பு, தெய்வமா அன்றி மனித மனத்தின் பிளவா என்னும் இருவகை விளக்கமும் அக்கதையில் ஒருசேர இயங்குகின்றன. ஆயினும் எவ்விளக்கத்தைக் கொண்டாலும் தண்டிக்கப்படுபவர் குற்றவாளியே. ஐயம் முகவரைக் குறித்தது. நீதியைக் குறித்து ஐயம் இல்லை.

தென்மாவட்ட வில்லுப்பாட்டுகளை ஆராய்ந்த ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், கொடுமரணம் எய்தியோர் தெய்வமாதலே அக்கதைகளின் அடிப்படை என 1988-இல் வெளியிட்ட நூலில் நிறுவினார். அநீதியாகக் கொல்லப்பட்டவர் திரும்பி வருவார் என்னும் அவ்வடிப்படை கண்ணகி முதல் கருப்பு வரை மாறவில்லை. ஜெயமோகனின் ‘விஷ்ணுபுரம்’ (1997) இதனினும் விரிந்த தளத்தில், ஒரு பெருங்கோயில் நகரத்தின் அதிகாரத்தையும் ஞானத்தையும் அழிவையும் மிகைகற்பனையாக அமைத்தது. வெள்ளத்தில் அந்நகர் அழிவதும் கள்ளிக்காட்டு ஊர்கள் நீரில் மூழ்குவதும் சில ஆண்டுகள் இடைவெளியில் எழுதப்பட்டவை. ஒன்று மருட்கை, மற்றொன்று அவலம் எனினும் இரண்டிலும் நீரே இறுதித் தீர்ப்பு.

வாசிப்பு வரிசை

இவ்வகையில் எழுதவும் ஆராயவும் முனைவோர் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலையும் அதன் உரைகளையும் முதலிற் படிப்பது பயன்தரும். அடுத்துச் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதை முதல் குன்றக் குரவை வரையான பகுதியும், மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையும், கலிங்கத்துப் பரணியும் அச்சத்தின் மொழியைக் கற்பிக்கும். விக்கிரமாதித்தன் கதையும் மதனகாமராஜன் கதையும் கதைக்குள் கதை என்னும் மருட்கை அமைப்பைக் காட்டும். புதுமைப்பித்தன் சிறுகதைகள் ஐயத்தைக் கையாளும் முறையைக் கற்பிக்கும். ‘கமலாம்பாள் சரித்திரம்’, ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’, ‘காவல் கோட்டம்’ ஆகியன ஒரு நிலத்தின் அச்சம் எவ்வாறு இடம்மாறுகிறது என்பதைக் காட்டும். இவற்றுக்குப் பின் ராட்கிளிஃபையும் ஸ்டோக்கரையும் படிக்கும் தமிழ் வாசகர் அவர்களைப் பார்த்து எழுதும் நிலையில் இருக்கமாட்டார். அவர்களோடு ஒப்பிட்டு நிற்கும் நிலையில் இருப்பார்.

முடிவுரை

தொல்காப்பியம் கூறும் அச்சத்தின் நான்கு களன்களும் கம்பம் பள்ளத்தாக்கின் கதைகளில் காணப்படுகின்றன. அணங்கு மங்கலதேவி கோட்டத்திலும், கள்வர் ராஜமையர் முதல் வெங்கடேசன் வரையான நாவல்களிலும், இறை ஜமீன் கதையிலும் மூழ்கிய ஊரின் கதையிலும் இடம்பெறுகின்றன. விலங்கு இன்னும் முழுமையாக எழுதப்படவில்லை. இவ்வனைத்திலும் பேய் உண்டா என்பதை விட, இறந்தவர்க்கு நீதி கிடைத்ததா என்பதே கதையை இயக்கும் வினாவாக உள்ளது. இது தமிழ்க் கோதிக் புனைவை ஐரோப்பிய மரபிலிருந்து வேறுபடுத்தும் இயல்பாகும்.

ஒரு சமூகத்தின் அச்சக் கதைகளைத் தரமற்றவை என ஒதுக்குவது, அச்சமூகம் எவரால் அஞ்சவைக்கப்பட்டது என்னும் வரலாற்றையும் ஒதுக்குவதாகும். பள்ளத்தாக்கின் முதியோர் நினைவில் உள்ள மூழ்கிய ஊர்களின் கதைகளும் ஜமீன் கதைகளும் அணைத் தொழிலாளர் பற்றிய செய்திகளும் அவர்களோடு மறைந்துவருகின்றன. அவற்றைத் திரட்டும் களப்பணியும், சந்தை நூல்களையும் மாத நாவல்களையும் பாதுகாக்கும் நூலகப் பணியும் உடனடியாக மேற்கொள்ளப்பட வேண்டியவை. குன்றக் குறவர் கண்டதைச் சொல்லாமல் விட்டிருந்தால் சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டம் இல்லை.